சொட்டுநீர்க் கரும்பு: எந்த வாரம், எந்த நிமிடம் உரம்?

கரும்புக்குச் சொட்டுநீர் போட்டவர்களிடம் என்ன லாபம் என்று கேட்டால் பாதிப் பேர் தண்ணீர் மிச்சம் என்பார்கள், மீதிப் பேர் ஆள் வேலை மிச்சம் என்பார்கள். இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் எடை கூடுவதற்குக் காரணம் வேறு. அதே கிணறு, அதே ரகம், அதே மூட்டை யூரியாதான். அதை எந்த வாரத்தில் எவ்வளவு விட்டோம், மோட்டார் ஓடும் நேரத்தில் எந்தப் பகுதியில் விட்டோம் என்பதில்தான் விளைச்சல் ஏறுவதும் இறங்குவதும். வாய்க்கால் பாய்ச்சலில் கரும்பு வைத்துப் பழகி, அப்புறம் சொட்டுநீருக்கு வந்து, முதல் பயிரும் மறுதாம்பும் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளர்கிற பயிர்) வெட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

முதலில் யூரியாவின் குணம் தெரிய வேண்டும். கரைந்த யூரியாவை மண் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் போகும். சில நாட்களில் அம்மோனியமாக மாறும்போதுதான் களிமண் அதைப் பிடித்துக்கொள்கிறது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறிவிட்டால் மறுபடியும் தண்ணீரோடு கீழே இறங்க ஆரம்பிக்கும். மண்ணின் மேலேயே கிடந்தாலோ அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போகும். வாய்க்கால் பாசனத்தில் 30, 60, 90ஆம் நாள் என்று மூன்று தவணையாக வைத்து மண் அணைக்கிறோம். அந்த ஒவ்வொரு தவணையிலும் வேருக்கு ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு, பூமிக்கு ஒரு பங்கு. உரம் வைத்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டால் வேரின் பங்கு இன்னும் சுருங்கும். சொட்டுநீரில் இந்தக் கவலை குறைவு. வேர் இருக்கிற ஈரத்துக்குள்ளேயே வாராவாரம் அந்த வாரத்துத் தேவையை மட்டும் கொடுக்கலாம். மழை அடித்துப் போனாலும் ஒரு வாரத்து உரத்தோடு போகும்.

எவ்வளவு கொடுப்பது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் ஆலைக் கரும்பின் முதல் பயிருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) எக்டருக்கு 275 : 62.5 : 112.5 கிலோ. ஏக்கருக்குச் சுமார் 110 : 25 : 45 வருகிறது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம், பொட்டாஷில் சாம்பல் சத்து 60 சதவீதம். இந்தக் கணக்கில் ஏக்கருக்கு யூரியா 240 கிலோ, சூப்பர் 50 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்று அதிகம், பொட்டாஷ் 75 கிலோ. மண் பரிசோதனை கையில் இருந்தால் அதைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சூப்பர் பாஸ்பேட் முழுவதையும் நடவுக்கு முன்பே சாலின் அடியில் போட்டுவிடுகிறேன். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வேர் வரப்போகிற இடத்தில் அது முன்னாலேயே இருப்பது நல்லது. தவிர, சூப்பரும் சரி, டி.ஏ.பி.யும் சரி, முழுதாகக் கரையாது. வாளியின் அடியில் தங்குகிற அந்தக் கசடு ட்ரிப்பருக்குள் (தண்ணீர் சொட்டுகிற வாய்) போனால் அந்த லேட்டரலை (ட்ரிப்பர்கள் உள்ள, கரும்பு வரிசையை ஒட்டி ஓடும் சின்னக் குழாய்) மறந்துவிடலாம். மணிச்சத்தைக் குழாய் வழியாகத்தான் கொடுப்பேன் என்பவர்களுக்கு 12:61:0 என்ற உரம் இருக்கிறது, நன்றாகக் கரையும். என் மண்ணுக்கு அடியுரமே போதும் என்று தெரிந்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

யூரியாவைப் பிரிப்பதுதான் முக்கிய வேலை. நான் பின்பற்றுவது இது. நட்ட மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஆறாம் வாரம் வரை வாரம் 5 கிலோ. அப்போது வேர் கொஞ்சம்தான், அதற்கு மேல் கொடுத்தால் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. ஏழாம் வாரத்திலிருந்து பதினேழாம் வாரம் வரை, தூர் (அடியிலிருந்து கிளம்பும் பக்க முளைகள்) வெடித்துக் கணு போட ஆரம்பிக்கிற காலம், வாரம் 12 கிலோ. பதினெட்டிலிருந்து இருபத்தெட்டாம் வாரம் வரை 8 கிலோ. கூட்டிப் பார்த்தால் சரியாக 240 வரும். பொட்டாஷ் ஏழாம் வாரத்தில் ஆரம்பம். பதினேழு வரை 2 கிலோ, இருபத்தெட்டு வரை 3 கிலோ, அதற்குப் பிறகு யூரியா நின்ற நான்கு வாரங்களுக்கு 5 கிலோ. மொத்தம் 75. இது ஏக்கருக்கான கணக்கு. மணல் பாங்கான நிலமென்றால் வாரத் தவணையையும் இரண்டாகப் பிரித்து 3 நாளைக்கு ஒரு தடவை விடுவது நல்லது. களிமண் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

இருபத்தெட்டாம் வாரத்தோடு யூரியாவை நிறுத்துவதைப் பலர் ஏற்றுக்கொள்வதில்லை. கரும்பு கரும்பச்சையாக மதமதவென்று நிற்கும்போது இன்னும் இரண்டு மூட்டை விட்டால் இன்னும் வளருமே என்று கை துறுதுறுக்கும். வளரத்தான் செய்யும். ஆனால் ஏழு மாதத்துக்குப் பிறகு கொடுக்கிற தழைச்சத்து சர்க்கரை சேர வேண்டிய நேரத்தில் தழையைத்தான் வளர்க்கும். அடியிலிருந்து பிந்தி வெடித்த தடித்தடியான இளம் தூர்கள் வரும், பார்க்க ஆசையாக இருக்கும், கடித்தால் சப்பென்று இருக்கும். மேல் பாரம் கூடிக் காற்றுக்குச் சாயும். சாய்ந்த கரும்பின் கணுவில் வேர் விடும், பரு முளைக்கும், எலி ஏறும். சாம்பல் சத்து மட்டும் தொடர்ந்து போவதற்குக் காரணம் உண்டு. இலையில் உண்டான சர்க்கரை தண்டுக்கு இறங்குவதற்கு அது வேண்டும்.

இனி மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பது. 'தினம் ஒரு மணி நேரம்' என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் குழாய் வேறு, உங்கள் குழாய் வேறு. பென்சில் எடுத்துக் கணக்குப் போடுவது சுலபம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பாருக்குப் பார் (வரிசைக்கு வரிசை) 5 அடி என்றால் 8,712 அடி லேட்டரல், அதாவது சுமார் 2,655 மீட்டர். 40 செ.மீ.க்கு ஒரு ட்ரிப்பர் என்றால் 6,600க்கு மேல் வருகிறது. ஒவ்வொன்றும் மணிக்கு 2.2 லிட்டர் விட்டால் ஏக்கர் முழுவதும் மணிக்குச் சுமார் 14,600 லிட்டர். ஏக்கரில் 1 மி.மீ. உயரம் தண்ணீர் நிற்பது என்றால் அது 4,047 லிட்டர். ஆக ஒரு மணி நேர ஓட்டம் சுமார் 3.6 மி.மீ. கரும்பு முழு வளர்ச்சியில், நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 6 மி.மீ. கேட்கிறது என்று வைத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம் ஓட வேண்டும். சின்ன நாற்றுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். 4 லிட்டர் ட்ரிப்பர் போட்டவர் இதே நேரம் ஓட்டினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் போய்விடும், அதோடு அவர் விட்ட யூரியாவும் வேரைத் தாண்டி இறங்கிவிடும். இன்னொன்று, மணிக்கு 14,600 லிட்டரை உங்கள் மோட்டார் அழுத்தத்தோடு கொடுக்குமா என்பதையும் இதே கணக்கில் பார்த்துக்கொள்ளலாம். கொடுக்காது என்றால் வால்வு வைத்து அரை ஏக்கர் அரை ஏக்கராகப் பிரித்து ஓட்டுவதுதான் வழி. எல்லா வால்வையும் திறந்துவைத்து நேரத்தைக் கூட்டினால் தலைமாட்டுக் கரும்பு குளிக்கும், கடைமடைக் கரும்பு காயும்.

கணக்கு காகிதத்தில் சரி, நிலத்தில் சரியா என்று பார்க்க ஒரு கிண்ணமும் அளவுக் குவளையும் போதும். மணிக்கு 2.2 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 36, 37 மில்லி விழ வேண்டும். வால்வுக்குப் பக்கத்தில், நடுவில், கடைசி லேட்டரலின் கடைசியில் என்று பல இடங்களில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லி வித்தியாசத்தை விட்டுவிடலாம். கடைசியில் 25 மில்லிதான் விழுகிறது என்றால் அங்கே உரமும் அதே விகிதத்தில்தான் குறைவாகப் போகிறது. கரும்பு ஏன் அந்த மூலையில் மட்டும் வெளிறி நிற்கிறது என்று இலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது சீக்கிரம் பதில் சொல்லும்.

உரம் கரைப்பதில் ஒரு சின்ன விஷயம். யூரியா கரையும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வாளியில் 12 கிலோவைக் கொட்டிக் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் வாளியின் வெளிப்பக்கம் வியர்த்துவிடும், கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். தண்ணீர் குளிர்ந்ததும் கரைவது மந்தமாகும். பொட்டாஷும் இதே ரகம்தான், போதாததற்கு அது யூரியா அளவுக்குத் தண்ணீரில் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீர் 300 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். அதனால் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்த தண்ணீரில், பொட்டாஷ் கிலோவுக்கு 5 லிட்டருக்குக் குறையாமல், முதலில் பொட்டாஷைக் கரைத்து அப்புறம் யூரியாவைப் போடுகிறேன். வெள்ளைப் பொட்டாஷ்தான் வாங்க வேண்டும். சிவப்பில் இரும்புத் துகளும் களியும் இருக்கும், பில்டரைச் செம்மண் நிறமாக்கிவிடும். எதுவானாலும் துணியில் வடிகட்டித்தான் டேங்கில் ஊற்றுவது.

கால்சியம் நைட்ரேட்டை மட்டும் தனி நாளில் விடுங்கள். சல்பேட் உள்ள உரத்தோடோ மணிச்சத்து உரத்தோடோ ஒரே டேங்கில் சேர்த்தால் பால் மாதிரி திரிந்து அடியில் மாவாகப் படியும்.

இப்போது நிமிடக் கணக்கு. மோட்டார் ஓடும் நேரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் பங்கு வெறும் தண்ணீர், குழாய் நிறைந்து எல்லா ட்ரிப்பரிலும் ஒரே அளவு விழுவதற்கு. இரண்டாவது பங்கில் உரம். மூன்றாவது பங்கு மறுபடி வெறும் தண்ணீர், குழாயைக் கழுவி, உரத்தை வேர் வரை தள்ளுவதற்கு. மோட்டார் போட்டதும் வெஞ்சுரியை (டேங்கிலுள்ள உரக் கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் கருவி) திறந்தால் தலைமாட்டில் உள்ளவை முந்திக் குடித்துவிடும், உரம் முதல் ஆளாக இறங்கிப் பின்னால் வருகிற தண்ணீரால் வேருக்குக் கீழே தள்ளப்படும். உரம் முடிந்ததும் மோட்டாரை நிறுத்தினாலோ மீதி உரம் குழாய்க்குள்ளேயே கிடந்து பாசி பிடிக்கத் தீனியாகும்.

என்னிடம் வால்வு பார்க்கிற தம்பி டேங்க் காலியான உடனே கூப்பிடுவான்.

"அண்ணே, டேங்க் காலி. மோட்டாரை நிறுத்திரவா?"

"இருப்பா. உரம் இன்னும் கடைசி லேட்டரலுக்கே போய்ச் சேரலை. அரை மணி ஓடட்டும்."

"டேங்க்ல ஒண்ணுமே இல்லையேண்ணே."

"டேங்க்ல இல்ல, குழாய்ல இருக்கு."

அவனுக்கு அதைக் கண்ணால் காட்டியது, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர், பேனா அளவில் இருக்குமே, அது. கடைசி லேட்டரலின் கடைசி ட்ரிப்பரில் விழுகிற தண்ணீரைப் பிடித்து மீட்டரை நனைத்தால், உரம் வந்து சேர்ந்ததும் எண் ஏறும். வெறும் தண்ணீரின் எண்ணுக்கு அது திரும்ப இறங்கும்போது குழாய் கழுவப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு நிலத்தில் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால் போதும், அந்த நேரம் மாறாது. ஆனால் கவனம்: யூரியா மட்டும் விடும்போது மீட்டர் அசையாது. யூரியா உப்பு அல்ல, அது மின்சாரத்தைக் கடத்தாது. பொட்டாஷ் சேர்த்து விடுகிற நாளில்தான் இந்தச் சோதனை.

வெஞ்சுரியைப் பொருத்துகிற இடமும் முக்கியம். மணல் பில்டருக்குப் பிறகு, ஸ்கிரீன் அல்லது டிஸ்க் பில்டருக்கு முன்பு. கரையாத துகள் ஏதாவது வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மோட்டாருக்கும் வெஞ்சுரிக்கும் நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாமல் உரம் விடவே கூடாது. கரண்ட் போனால் குழாயில் இருக்கிற உரத் தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குள் போகும். அதே கிணற்றில் குடிக்க எடுப்பவர்கள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பில்டரைக் கழுவ நாள் கணக்கு வைக்காதீர்கள், கேஜைப் பாருங்கள். உள்ளே போகிற பக்கத்துக்கும் வெளியே வருகிற பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் சதுர செ.மீ.க்கு அரை கிலோவை நெருங்கினால் கழுவ வேண்டிய நேரம். திறந்த கிணறு, ஏரித் தண்ணீரில் பாசி வரும், அதற்கு மணல் பில்டர். போர் தண்ணீரில் மணல் வந்தால் அதற்கு, தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது சப்மெயின் (லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரிக்கும் குழாய்) கடைசியில் உள்ள பிளஷ் வால்வைத் திறந்துவிட்டு, லேட்டரல்களின் கடைசி மூடியையும் ஐந்தாறாகக் கழற்றித் தெளிந்த தண்ணீர் வரும் வரை ஓட விடுவேன். முதலில் வருகிற தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருக்கும்.

உப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளவர்களுக்கு ட்ரிப்பர் வாயில் வெள்ளைப் படலம் கட்டும். அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். ட்ரிப்பரில் விழுகிற தண்ணீரின் பிஎச் 4 அருகே வருகிற அளவுக்கு விட்டு, மோட்டாரை நிறுத்தி, ஒரு ராத்திரி குழாயிலேயே வைத்துவிட்டு, மறுநாள் கடைசி மூடிகளைத் திறந்து நன்றாக அலசிவிடுவது. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் விடுகிறவர்கள் அமிலம் விடுகிற நாளில் அதைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு வரும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

மழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது பலருக்கு வினோதமாகப் படும். சொட்டுநீரில் ட்ரிப்பருக்கு அடியில் மண் சுத்தமாக இருக்கும், தண்ணீரில் உள்ள உப்பும் உர உப்பும் ஈரத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கே வெள்ளைக் கோடாகத் தேங்கும். கோடை முடிந்து ஒரு சிறு தூறல் போட்டால் அந்த உப்பு கரைந்து உள்ளே, வேர்ப்பக்கம் வரும். தூறல் பார்த்து மோட்டாரை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் ஓட்டினால் உப்பு மறுபடி வெளியே தள்ளப்படும். நல்ல கனமழை என்றால் வேண்டாம், அதுவே கழுவிக் கீழே கொண்டுபோய்விடும். உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ளவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

சுண்ணாம்பு மண்ணில் இன்னொரு தொல்லை. இளங்குருத்து இலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் கோடு கோடாகத் தெரியும். தழைச்சத்துக் குறை என்று யூரியாவைக் கூட்டிவிடுவார்கள். தழைச்சத்துக் குறை அடி இலையில்தான் முதலில் தெரியும். குருத்தில் தெரிவது இரும்புச் சத்துக் குறை. இதற்கு ஒரு சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலோடு கொஞ்சம் யூரியா சேர்த்து, இலை பச்சை திரும்பும் வரை வாரம் ஒரு தடவை தெளிக்கலாம். அந்த மண்ணில் தண்ணீரைக் கூட்டினாலும் மஞ்சள் கூடும். அதனால் மருந்துக்கு முன்னால் மோட்டார் நேரத்தைப் பார்ப்பது நல்லது.

லேட்டரலை மேலே போடுவதா, மண்ணுக்குள் புதைப்பதா என்பது முடியாத விவாதம். மேலே போட்டால் அடைப்பு கண்ணுக்குத் தெரியும். ஆனால் எலி, அணில் கடிக்கும், சோகை (காய்ந்த தோகை) உரிக்கிற அரிவாள் பட்டு வெட்டுப்படும். புதைத்தால் களை குறையும், வெட்டும்போது சுருட்ட வேண்டாம், யூரியா காற்றில் போகிற வழியும் அடைபடும். ஆனால் தண்ணீர் காணாத நாட்களில் வேர் ட்ரிப்பருக்குள் நுழையும். மோட்டாரை நிறுத்தும்போது வெற்றிடம் உண்டாகி மண்ணை உள்ளே இழுக்காமலிருக்க ஏர் வால்வும் அவசியம். நான் மேலேதான் போட்டிருக்கிறேன். தினம் வயலுக்குப் போக முடியாதவர் புதைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

வெட்டுக்கு ஒன்றரை மாதம் முன்பிருந்து தண்ணீரைப் படிப்படியாகக் குறைக்கிறேன், கடைசி இரண்டு வாரம் சுத்தமாக நிறுத்திவிடுகிறேன். ரிப்ராக்டோமீட்டர் வைத்து அடிக்கணுச் சாறு, நுனிக்கணுச் சாறு இரண்டின் பிரிக்ஸையும், அதாவது இனிப்பு அளவையும், பார்த்தால் விஷயம் புரியும். நுனி அடியை நெருங்கிவிட்டால் பழுத்துவிட்டது. நுனி ரொம்பப் பின்தங்கியிருந்தால் தண்ணீரோ தழைச்சத்தோ இன்னும் மண்ணில் அதிகமாக இருக்கிறது.

மறுதாம்புக்கு உரக்கணக்கு மாறும். வெட்டி முடித்ததும் சோகையைக் கொளுத்தாமல் பார்களுக்கு நடுவில் பரப்புகிறோம். அது மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். கட்டையில் கிளம்புகிற முளை அந்த நேரத்தில் வெளிறும். பரிந்துரையில் மறுதாம்புக்குத் தழைச்சத்து 25 சதவீதம் கூடுதலாக, வெட்டிய 5லிருந்து 7 நாளுக்குள் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஏக்கருக்குச் சுமார் 60 கிலோ யூரியா. நான் அதை ஒரே தடவையாக விடாமல் முதல் நாலு வாரத்துக்குள் நான்கு பங்காக விடுகிறேன். முதல் பங்கு கட்டை சீவி, லேட்டரல்களை இழுத்துப் பழைய இடத்தில் போட்டு, கடைசி மூடிகளைத் திறந்து அலசிய அன்றே போய்விடும். இது போக, முதல் பயிரின் வார அட்டவணையேதான், ஆரம்பத்தில் மட்டும் இரண்டு வாரம் முந்தி. கட்டையில் பழைய வேர் தயாராக இருப்பதால் நாற்று மாதிரி காத்திருக்க வேண்டியதில்லை.